இணையத்தளமும் உடைமையுறவும்

இணையத்தளம் அமைக்க முனையும் சிறுசஞ்சிகையாளரும் சங்கத்தினரும் முதலில் எழுப்பும் வினா, சேவையகத்தில் இடம்பெற ஆண்டொன்றுக்கு எவ்வளவு செலவாகும் என்பதே. அதற்கு முன்னர் கேட்கவேண்டிய வினா வேறொன்றுண்டு: அங்கு இடப்படும் எழுத்து எவர் கட்டுப்பாட்டில் இருக்கும்? பதிப்புத்துறையை ஆராய்வோர் அச்சியந்திரம் எவருடைய உடைமை என்று வினவுவதை ஒத்ததே இதுவும்.

ஜியோசிற்றீஸின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், எவரும் தமது பக்கங்களை அமைத்துக்கொள்ள இலவசமாக இடமளித்தது. பக்கம் அமைத்தோர் 'குடியேறிகள்' எனப்பட்டனர். அவர்களது ஊதியமற்ற உழைப்பே நிறுவனத்தின் பெறுமதியைப் பெருக்கிற்று. 1999இல் யாகூ அதனை வாங்கியது. அவ்வாண்டிலேயே, குடியேறிகளின் ஆக்கங்கள் மீது தனக்கு நிரந்தர உரிமையுண்டு எனக் கூறும் நிபந்தனைகளை விதித்து, எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அவற்றைத் திருத்தியது. 2009 ஒக்ரோபரில் அமெரிக்கச் சேவை மூடப்பட்டது. தொண்டர்கள் படியெடுத்துக் காத்தவை பல, காக்கப்படாதவை அழிந்தன. குடியேறிகள் எனப்பட்டோர், உண்மையில், எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய குடியிருப்பாளராகவே இருந்தனர்.

கட்டணம் செலுத்தினால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் எனக் கொள்வதற்கில்லை. 2021 மார்ச் 10ஆந் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையமொன்று தீயில் அழிந்தது. வாடிக்கையாளர் சிலரின் காப்புப் படிகளும் மூலங்கள் இருந்த இடத்திலேயே இருந்தமையால், இரண்டும் ஒருங்கே அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது வன்செயல். இரு நிகழ்வுகளும் தன்மையால் வேறானவை. ஆயினும், மாற்றுப்படி பிறிதோரிடத்தில் இல்லாதபோது இழப்பு மீளமுடியாததாகின்றது என்பதை நாம் அங்கு முன்னரே கண்டுள்ளோம்.

இவற்றிலிருந்து தெரிவுக்கான அளவுகோல்கள் சில பெறப்படுகின்றன. முதலாவதாக, தளத்தின் முகவரியாகிய ஆள்களப் பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதியப்படல் வேண்டும். தளத்தை வடிவமைத்தவர் பெயரிலன்று. பெயர் நம்மிடம் இருப்பின், சேவையகம் மாறினும் முகவரி மாறாது. இரண்டாவதாக, கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எவ்வேளையும் நாமே முழுமையாகப் பதிவிறக்க இயலவேண்டும். மூன்றாவதாக, முதலாண்டுக் கழிவு விலையை விடுத்துப் புதுப்பித்தற் கட்டணத்தையே ஒப்பிடுதல் வேண்டும். நான்காவதாக, காப்புப் படியொன்று வேறோர் ஊரிலேனும் இருத்தலும், அதிலிருந்து தளத்தை மீளமைக்க முடிகின்றதா என இடைக்கிடை சோதித்தலும் அவசியம்.

இலாபநோக்கற்ற கருவிகளும் உள்ளன. தளத்துக்கும் வாசகருக்குமிடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ற்' 2015 முதல் இலவசமாக வழங்குகின்றது. அச்சான்றிதழுக்கெனத் தனிக் கட்டணம் கோரும் நிறுவனத்திடம் காரணம் கேட்கலாம். இணைய ஆவணகம் 2001இல் பொதுமக்களுக்குத் திறந்த 'வேபாக் மெஷின்' வழியாக, பக்கமொன்றின் முகவரியை அளித்து அதன் படியைச் சேமிக்கச் செய்யலாம்.

சேவையகங்களிற் பெரும்பாலானவை பெருமூலதனத்தின் கையிலுள்ள நிலையில், சிறு சங்கமொன்று தனித்து முழுச் சுதந்திரம் பெறுதல் அரிது. கூட்டுமுயற்சியால் இயல்வது அதிகம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்னுருவாக்கிவரும் 'நூலகம்' 2005இல் தன்னார்வலர் முயற்சியாகவே தொடங்கியது. நமது சங்கங்களும் ஒன்றன் படியை மற்றொன்று காக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒழுங்கான பொறுப்பேற்பே வேண்டும்.