நன்மை வாங்கும் வரிசையில் ஓர் அரசியல்வாதி

அண்ணாச்சி கேட்ட கேள்வி நியாயமானதுதான். "அமெரிக்க அரசியல்வாதி நான்சி பெலோசி அம்மாவுக்கு அவங்க தொகுதி சான் பிரான்சிஸ்கோவுல நன்மை கிடையாதுங்காங்க. வாஷிங்டன்ல குடுக்காங்க. ரோம்ல போப் வச்ச பூசையிலயே வாங்கிட்டு வந்திருக்கு. எல்லாம் ஒரே சபைதான தம்பி? இதுல எது சட்டம்?"

அண்ணாச்சி கிறிஸ்தவர் இல்லை. வாழ்நாளெல்லாம் தாலுகா ஆபீசில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் பிரிவு எண் கேட்பார். அதனால் எண்ணிலிருந்தே தொடங்கினேன். டீ வரக் கொஞ்சம் நேரமிருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு சட்டப் புத்தகம் உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பது 1983இல் வந்தது, 1,752 விதிகள். நம் விஷயத்துக்கு அதில் மூன்று போதும். 912ஆம் விதி: திருமுழுக்குப் பெற்றவர், சட்டம் தடுக்காதவர் என்றால் அவருக்கு நற்கருணை (பேச்சு வழக்கில் 'நன்மை') கொடுத்தே ஆக வேண்டும். அதாவது கொடுப்பதுதான் வழக்கம். கொடுக்காமல் விடுவதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு நேராகத் தடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

916ஆம் விதி வரிசையில் நிற்பவருக்கு. சாவான பாவம் செய்திருப்பதாக அவர் மனமே அவரிடம் சொன்னால், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்பது எங்கள் விசுவாசம். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. சாவான பாவம் என்பதற்கும் மூன்று நிபந்தனை உண்டு: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், முழு மனதோடு செய்திருக்க வேண்டும். பின்னவை இரண்டையும் வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. எனவே இந்த விதியில் நீதிபதியும் அவரே, குற்றவாளியும் அவரே. எந்தக் கோவிலிலும் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து வரிசைக்குப் போகையில் நாலைந்து பேர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. (முன்வரிசைப் பாட்டிகள் திரும்பிப் பார்ப்பார்கள், அது வேறு.)

915ஆம் விதி பாத்திரம் ஏந்தி நிற்பவருக்கு. சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர்களுக்கும், வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கும் சண்டை முழுக்க இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

"பாவம்னு இவருக்கு எப்படித் தெரியும்? உள்ள பாக்க முடியாதுன்னு இப்பதான சொன்னீரு?" என்றார் அண்ணாச்சி. தாலுகா ஆபீஸ் மூளை சும்மா இருக்குமா.

இதற்கு வத்திக்கானின் சட்ட விளக்க மன்றம் 2000ஆம் ஆண்டில் பதில் சொல்லியிருக்கிறது. விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்தவர்களைப் பற்றிய அறிக்கை அது. கொடுப்பவர் வாங்குபவரின் ஆத்துமத்தை எடை போடவில்லை. வெளியே தெரிகிற செயலை மட்டும் பார்க்கிறார். செயல் கனமானதா, ஊரறிந்ததா, விடாமல் தொடர்கிறதா என்ற மூன்றும் சேர்ந்தால்தான் தடை. அந்த மனிதர் கடவுள் முன்னால் குற்றவாளியா என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. 'ஆயர் அவரைப் பாவி என்று தீர்ப்பிட்டுவிட்டார்' என்று பத்திரிகைகள் எழுதுகிறபோது கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஊரறிந்ததாக இருக்க வேண்டும் என்பது சின்ன நிபந்தனை அல்ல. இதில் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் யூதாசைக் கொண்டுவருகிறார். கடைசி இராவுணவில் யூதாசும் இருந்தான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் அவன்தான் என்று இயேசுவுக்குத் தெரியும். ஆனாலும் அவனுக்கும் கொடுத்தார் என்பது தாமசின் முடிவு. காரணம், அவன் குற்றம் இன்னும் வெளிப்படவில்லை. குற்றம் சாட்டியவரும் இல்லை, சாட்சியும் இல்லை. மறைவான பாவியை ஊரார் முன்னால் விலக்கக் கூடாது என்று பின்வரும் குருக்களுக்குக் கற்றுக்கொடுக்கவே அப்படிச் செய்தார் என்கிறார். 1917இல் வந்த பழைய சட்டத் தொகுப்பிலும் இதே நுணுக்கம் இருந்தது. திருந்தாத மறைவான பாவி என்று குருவுக்குத் தெரிந்த ஒருவர் தனியாக வந்து கேட்டால் மறுக்க வேண்டும்; பலர் நடுவே கேட்டு, மறுத்தால் விஷயம் வெளியாகும் என்றால் கொடுத்துவிட வேண்டும். குருவுக்குத் தெரிந்த இரகசியத்தைவிட அந்த மனிதரின் மானம் பெரிது என்று எண்ணிய சட்டம் அது. எனக்கு இந்தப் பழைய விதிமேல் தனி மரியாதை உண்டு.

அரசியல்வாதிக்கு இந்த மறைவு கிடைக்காது. அவர் ஓட்டு சட்டமன்றக் குறிப்பில் இருக்கிறது, பேச்சு டிவியில் ஓடுகிறது. 2004இல் ஜான் கெர்ரி ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது செயின்ட் லூயிஸ் பேராயர் ரேமண்ட் பர்க், கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் கெர்ரிக்குத் தம் மறைமாவட்டத்தில் நன்மை கிடையாது என்றார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவர் எந்தக் கோவிலுக்குப் போகிறார், வரிசையில் நிற்கிறாரா என்று பார்ப்பதே நிருபர்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. ஜெபத்துக்கு வந்த மனிதரை எட்டிப் பார்க்கும் அந்தக் காட்சி எந்தக் கட்சிக்கும் அழகில்லை.

அரசியல்வாதிகள் தரப்பில் வழக்கமாக வரும் பதில்: 'தனிப்பட்ட முறையில் நான் சபை சொல்வதை ஏற்கிறேன், அதை எல்லார் மேலும் திணிக்க மாட்டேன்.' இதற்கு முழு வடிவம் கொடுத்தவர் நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோ. 1984 செப்டம்பரில் நாட்ர டேம் பல்கலைக்கழகத்தில் பேசினார். கருக்கலைப்பு தவறு என்பதைத் தானும் தன் மனைவியும் ஏற்பதாகச் சொன்னார். ஆனால் பல மதத்தவர் வாழும் நாட்டில், ஒரு சபையின் ஒழுக்கநெறி சட்டமாக வேண்டுமானால் பொதுமக்களிடம் அதற்கு இசைவு இருக்க வேண்டும். அந்த இசைவு இல்லாதபோது தடைச்சட்டம் போடுவது விவேகமில்லை என்றார். பக்தியும் படிப்பும் உள்ள மனிதரின் பேச்சு, இன்றும் வாசிக்கலாம். அண்ணாச்சிக்கும் பிடித்திருந்தது, தலையாட்டினார்.

ஆனால் அதே குவோமோ ஆளுநராக இருந்த பன்னிரண்டு வருஷமும் மரண தண்டனை மசோதாவைத் தம் மறுப்பாணையால் தடுத்துக்கொண்டே இருந்தார். மரண தண்டனை வேண்டும் என்றுதான் அப்போது பெரும்பான்மை சொன்னது. சபையும் அன்று அதை முற்றாக விலக்கியிருக்கவில்லை. இசைவு இல்லாவிட்டாலும் தன் மனச்சாட்சியை அங்கே சட்டத்தில் நிறுத்தினார். நான் அதைக் குறை சொல்லவில்லை, நல்ல காரியம்தான். ஆனால், மனச்சாட்சி வேறு, பதவி வேறு என்று அவராலேயே கடைசிவரை பிரித்து வைக்க முடியவில்லை. யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன். ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கென்னடி 1960இல் ஹூஸ்டனில் புராட்டஸ்டண்டு போதகர்கள் முன் பேசியதில், போப் சொல்லி ஜனாதிபதி நடக்க மாட்டார் என்ற பகுதியை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். பதவியா மனச்சாட்சியா என்று ஒரு கட்டம் வந்தால் பதவி விலகுவேன் என்றும் அதே பேச்சில் சொன்னார். அதைச் சொல்பவர் குறைவு.

பெல்ஜியம் அரசர் போதுவானுக்கு அந்தக் கட்டம் உண்மையிலேயே வந்தது. 1990இல், நாடாளுமன்றம் நிறைவேற்றிய கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மனச்சாட்சி இடம் தரவில்லை என்றார். அதேசமயம் மக்களாட்சியை முடக்கவும் அவர் விரும்பவில்லை. அமைச்சரவை அரசியல் சட்டத்தில் ஒரு வழி கண்டுபிடித்தது: அரசர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருக்கிறார் என்று அறிவித்து, அமைச்சர்களே கையெழுத்திட்டார்கள். மறுநாள் நாடாளுமன்றம் கூடி அவரைத் திரும்ப அரியணையில் அமர்த்தியது. அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம ஆபீஸ்ல மெடிக்கல் லீவு போட்ட மாதிரில்லா இருக்கு!" என்றார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டமும் வந்தது, அரசரின் கையும் அதில் படவில்லை.

மனச்சாட்சி என்றால் கத்தோலிக்கர் எதைச் சொல்கிறார்கள் என்பதிலும் குழப்பம் நிறைய. 'என் மனச்சாட்சிக்குச் சரி, அதனால் சரி' என்பது சபை சொல்வதல்ல. 'மனச்சாட்சியை மூட்டை கட்டி வை, ஆயர் சொல்வதைக் கேள்' என்பதும் அல்ல. தவறாகச் சொல்லும் மனச்சாட்சிக்கு எதிராக நடந்தாலும் பாவம்தான் என்கிறார் தாமஸ். அதற்காக, அப்படிச் சொன்னதைச் செய்தவர் தானாகவே குற்றமற்றவராகிவிடுவதும் இல்லை. அறியக் கடமைப்பட்டதை அசட்டையால் அறியாமல் விட்டிருந்தால் அந்தக் குற்றம் நிற்கும் என்றும் சேர்க்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் 1875இல் நார்ஃபோக் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், வாழ்த்துக் கிண்ணம் உயர்த்த நேர்ந்தால் போப்புக்கும் உயர்த்துவேன், ஆனால் முதலில் மனச்சாட்சிக்கு என்ற பொருளில் எழுதினார். அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் சில பக்கம் முன்னே புரட்டினால், மனம்போன போக்குக்கு மனச்சாட்சி என்று பேர் வைப்பதை அவர் காய்ச்சி எடுத்திருப்பதும் கண்ணில் படும்.

இனி பெலோசிக்கு வருவோம். 2022 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பேராயர் சால்வத்தோரே கோர்திலியோனே தடையை அறிவித்தார். திடீரென்று போட்டதல்ல, முன்பே பலமுறை பேச முயன்றதாகவும் பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தார். கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதற்குமான சட்டமாக்குவேன் என்று பெலோசி நின்றதுதான் காரணம். அன்றைய வாஷிங்டன் பேராயர் கர்தினால் வில்டன் கிரகரி அப்படி எந்தத் தடையும் போடவில்லை. அடுத்த மாதம் 29ஆம் தேதி, புனித பேதுரு, பவுல் திருநாளில், போப் பிரான்சிஸ் தலைமை தாங்கிய பூசையில் பெலோசி நன்மை வாங்கினார். போப் கையால் அல்ல, அங்கிருந்த ஒரு குருவிடமிருந்து.

அண்ணாச்சி கேட்ட முரண் இதுதான். சட்டப்படி பார்த்தால் முரண் இல்லை. அவரவர் மறைமாவட்டத்துக்கு அவரவர் ஆயரே பொறுப்பு. பக்கத்து ஆயருக்கு அவர் கீழ் அதிகாரி அல்ல. 2004இல் அமெரிக்க ஆயர்கள் கூடி, இந்த முடிவு தனித்தனி ஆயரைச் சேர்ந்தது என்றே எழுதிவைத்தார்கள். 2021இல் கத்தோலிக்கரான பைடன் ஜனாதிபதியானதும் இந்தச் சண்டை மறுபடி கிளம்பியது. நவம்பரில் நற்கருணை பற்றிய ஆவணம் 222க்கு 8 என்ற ஓட்டில் நிறைவேறியபோது பைடன் பெயரும் அதில் இல்லை, அரசியல்வாதிகளுக்குத் தடையும் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு போப் பிரான்சிஸ் விமானத்தில் நிருபர்களிடம், கருக்கலைப்பு கொலைதான், ஆனாலும் நான் யாருக்கும் நன்மையை மறுத்ததில்லை, ஆயர்கள் மேய்ப்பர்களாக இருக்க வேண்டும் என்று பேசியிருந்தார்.

தடைக்கு எதிராகப் பெலோசி கேட்டதில் ஒரு கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. மரண தண்டனையையும்தானே சபை எதிர்க்கிறது, அதை ஆதரிப்பவர்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்றார். 2004இல் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட்) அமெரிக்க ஆயர்களுக்கு அனுப்பிய குறிப்பு இரண்டும் ஒன்றல்ல என்கிறது: போரிலும் மரண தண்டனையிலும் கத்தோலிக்கருக்குள் கருத்து வேறுபடலாம், கருக்கலைப்பிலும் கருணைக்கொலையிலும் முடியாது. அன்றைக்கு அது தெளிவான பதில். 2018இல் மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று போப் பிரான்சிஸ் எழுதிய பிறகு பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. இரண்டும் சம கனம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதி ஒரே திசையில்தான் பாய்கிறது என்றால், பார்க்கிறவன் அதை விதியாகப் பார்க்க மாட்டான், கட்சிக்கொடியாகத்தான் பார்ப்பான். மறுபக்கமும் ஒன்று உண்டு. நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல், கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பின மாணவரைச் சேர்ப்பதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூன்று பேரை 1962இல் சபைக்கே புறம்பாக்கினார். இன்று 'சபை அரசியலில் தலையிடலாமா' என்று பொங்குகிறவர்களில் எத்தனை பேர் அவரைக் குறை சொல்வார்கள்?

என் தீர்ப்பு என்ன என்று அண்ணாச்சி விடாமல் கேட்டார். பேராயருக்கு அந்த அதிகாரம் உண்டு. அவர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் உரிமையைக் குறுக்கும் விதிகளை இறுக்கிப் பொருள்கொள்ள வேண்டும் என்று அதே புத்தகத்தின் 18ஆம் விதி சொல்கிறது. பன்மத நாட்டில் ஒரு சட்டத்துக்கு ஓட்டளிப்பது கருக்கலைப்பைத் தானே செய்வதற்கு எவ்வளவு நெருக்கம் என்பதில் திருச்சபைச் சட்டம் படித்தவர்களே ஒத்துப்போகவில்லை. அந்த நிலையில் நான் ஆயராக இருந்தால் கொடுக்கச் சொல்லியிருப்பேன், கூப்பிட்டுப் பேசுவதையும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

"சரி, அந்தம்மாவுக்கு ஓட்டுப் போட்டவன் கதி? அவனும் நன்மை வாங்கப்படாதா?"

ராட்சிங்கரின் குறிப்பில் அடியில் ஒரு சின்னப் பத்தி உண்டு. கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒருவருக்கு ஓட்டுப் போட்டால் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. அப்படிப்பட்டவர் நன்மை வாங்கத் தகுதியற்றவர். அதில் உடன்பாடு இல்லாமல் வேறு காரணங்களுக்காகப் போட்டால் அது தூரத்து ஒத்துழைப்பு. தகுந்த காரணம் இருந்தால் அனுமதிக்கலாம். எந்தக் காரணத்துக்காகப் போட்டார் என்று வாக்குப்பெட்டியைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. எனவே அவர் 915இல் மாட்ட மாட்டார், 916தான் அவருக்கு. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போவதா, நேரே வரிசைக்குப் போவதா என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.