மாரியில் மோட்டார் சைக்கிளின் எதிரி

குச்சவெளியில் மாரி பிறந்ததும் மோட்டார் சைக்கிளைக் கெடுப்பது மழை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையான எதிரி உப்பு. ஊரை ஊடறுக்கும் திருகோணமலை–புல்மோட்டை வீதி பல இடங்களில் கடலை ஒட்டியே போகிறது. வடகீழ்ப் பருவக்காற்று அலைத் திவலைகளை நேரே கரைக்குக் கொண்டுவருகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். அந்தக் கரைசல் பட்ட இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும், மின் இணைப்புகளும் அரிபடும். கனடாவில் பனியை உருக்க வீதியில் கொட்டும் உப்பும் வாகனங்களுக்கு இதையேதான் செய்கிறது.

மழையே கழுவிவிடுமே என்பார்கள். மேற்பரப்பைக் கழுவும், செயின் கண்ணிகளுக்குள்ளும் மட்கார்டின் அடியிலும் சேற்றோடு ஒட்டிய உப்பு அவ்வளவு எளிதில் போகாது. தறப்பாளால் இறுக மூடினால் ஈரமும் உள்ளேயே அடைபடும். நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு ஒயில் விடவேண்டும். (கரையோரக் கிணறு உவரென்றால் சேமித்த மழைநீரே மேல்.) வாரந்தோறும் இதற்கு யாருக்கு நேரம் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டுகளில் வீட்டில் நின்ற பழைய வண்டியைத் துருவுக்குப் பறிகொடுத்தவருக்குப் புதியதொன்று இறக்குமதியாகி வர வழியிருக்கவில்லை.