நுரையீரலைக் கடந்த நோய்

நுழையும்முன்

எல்லா நோய்களும் தாம் நுழைந்த வாயிலோடு நின்றுவிடுவதில்லை. மூச்சின் வழியே உடலுக்குள் புகுந்த கொரோனா தீநுண்மி, குருதியோட்டத்தின் பாதை முழுவதையும் பாதித்தது. அதனை அறிந்துகொள்வது, நோய் நீங்கிய பின்னரும் உடலைக் காத்துக்கொள்ள உதவும்.

நெஞ்சகத்தின் ஊர்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்தொடர்வண்டி, குரோம்பேட்டையைக் கடந்ததும் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தில் நிற்கும். சானடோரியம் என்பது காசநோயாளர் தங்கி நலம்பெறும் இல்லம். அத்தகைய இல்லம் ஒன்றை மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928ஆம் ஆண்டு இங்கு நிறுவினார். காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் தூய காற்றும் கதிரொளியும் சத்துணவும் ஓய்வுமே மருத்துவமாக இருந்தன. 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

நெஞ்சகம் என்னும் சொல்லில் நுரையீரலும் இதயமும் ஒருங்கே அடங்கும். இதயம் வலப்புறத்திலிருந்து குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கு உயிர்வளி பெற்றுத் திரும்பும் குருதியை இடப்புறத்திலிருந்து உடல் முழுவதற்கும் செலுத்துகிறது. ஓய்வாக இருக்கும்போதே ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி இவ்வாறு சுற்றிவருகிறது. ஓர் உறுப்பு நலிந்தால் மற்றொன்றும் நலிவது இதனால்தான்.

தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதிசெய்யப்பட்டது. தொடக்க நாள்களில் மாதிரிகள் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் ஆய்வு செய்யப்பட்டன. பின்னர் நோய் பரவியபோது, மிகுதியான பாதிப்பைக் கண்ட மாவட்டங்களுள் தாம்பரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டும் ஒன்றாயிற்று. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்னும் அறிகுறிகளைக் கண்டு, இதனை நுரையீரல் நோய் என்றே மக்கள் கருதினர். ஆனால் நோயாளர் சிலருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏற்பட்டன. இது ஏன்?

குழாயின் உட்படலம்

கொரோனா தீநுண்மியின் மேற்பரப்பில் கூர்முனைப் புரதங்கள் உள்ளன. அவை ஏ.சி.இ.2 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டே உயிரணுவுக்குள் நுழைகின்றன. பூட்டுக்குப் பொருந்தும் திறவுகோல் போன்றது இந்தப் பிணைப்பு. அந்த ஏற்பி நுரையீரலில் மட்டுமன்றி, இதயத்திலும் குருதிக்குழாய்களிலும் காணப்படுகிறது.

குருதிக்குழாய் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் உண்டு. குழாயை விரியவும் சுருங்கவும் செய்வது, குருதி குழாய்க்குள்ளேயே உறைந்துவிடாமல் காப்பது ஆகியன அதன் பணிகள். 2020 ஏப்ரலில் சூரிச் நகர ஆய்வாளர்கள், கோவிட் நோயாளரின் பல உறுப்புகளில் இப்படலம் அழற்சியுற்றிருந்ததைக் கண்டு வெளியிட்டனர். தீநுண்மியின் நேரடித் தாக்குதலோடு, அதனை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் அளவு மீறிய போராட்டமும் இச்சேதத்திற்குக் காரணமாகிறது.

உறைகட்டியும் இதயத்தின் சுமையும்

காயம் பட்ட இடத்தில் குருதி உறைவது நம்மைக் காக்கும் இயல்பு. உட்படலம் சிதைந்தால், காயமே இல்லாத இடத்திலும் தட்டணுக்கள் ஒன்றுசேர்ந்து உறைகட்டி உருவாகக்கூடும். அது இதயத் தமனியை அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் தமனியை அடைத்தால் பக்கவாதம். காலில் தோன்றிய கட்டி நகர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே கேடு.

இதயமும் வேறு வழிகளில் துன்புறுகிறது. நுரையீரல் நலியும்போது குருதியில் உயிர்வளி குறைகிறது. காய்ச்சலோ இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கிறது. வேலை கூடுகிறது, உணவாகிய உயிர்வளி குறைகிறது. முன்பே தமனிகளில் கொழுப்புப் படிந்திருந்தால், அழற்சியால் அப்படிவு வெடித்து அடைப்பை உண்டாக்கலாம். சிலருக்கு இதயத்தசையே அழற்சியுற்றுத் துடிப்பு சீர்கெடுவதும் உண்டு. எனவேதான் மருத்துவர்கள் உயிர்வளி அளித்ததோடு நில்லாமல், இ.சி.ஜி. எடுத்தும் டி-டைமர் என்னும் குருதி ஆய்வைச் செய்தும் இப்பாதிப்புகளைக் கண்காணித்தனர். உறைதலைத் தடுக்க ஹெப்பாரின் மருந்தையும் வழங்கினர்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் தொற்றுக்குள்ளான 1,53,760 முன்னாள் படைவீரர்களை ஓராண்டுக் காலம் கண்காணித்த ஆய்வு 2022இல் வெளியானது. தொற்றில்லாதவர்களோடு ஒப்பிடுகையில் அவர்களுக்கு இதயச் செயலிழப்பு வாய்ப்பு 72 விழுக்காடும், மாரடைப்பு வாய்ப்பு 63 விழுக்காடும், பக்கவாத வாய்ப்பு 52 விழுக்காடும் கூடியிருந்தன. மருத்துவமனையில் சேராதவர்களிடமும் பாதிப்பு காணப்பட்டது. இவர்களுள் பெரும்பாலோர் வயது முதிர்ந்த ஆண்கள் என்பதால், இவ்வளவுகள் அனைவருக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

வதந்தியும் ஆய்வும்

இளைஞர் ஒருவர் திடீரென இறந்தால், 'தடுப்பூசிதான் காரணம்' என்னும் பேச்சு எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 18 முதல் 45 வயது வரையிலானோரின் திடீர் மரணங்களை நாடெங்கும் 47 மருத்துவமனைகளின் வழியே ஆராய்ந்தது. 2023இல் வெளியான அதன் முடிவு, தடுப்பூசியால் அத்தகைய மரண வாய்ப்பு கூடவில்லை என்றது. இரண்டு தவணை செலுத்திக்கொண்டவர்களிடம் அது குறைந்தே இருந்தது. மாறாக, கோவிட் நோயால் மருத்துவமனையில் இருந்தமை, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்தமை, அளவு மீறிய மது, இறப்புக்கு முந்தைய இரு நாள்களில் செய்த கடும் உடலுழைப்பு ஆகியவை அம்மரணங்களோடு தொடர்புற்றிருந்தன. சில தடுப்பூசிகளால் மிக அரிதாக உறைகட்டியும் இதயத்தசை அழற்சியும் ஏற்பட்டதை அறிவியல் மறைக்கவில்லை. அரிதான தீங்கையும் பெரும்பயனையும் எடைபோட்டுப் பார்ப்பதே அறிவியலின் நெறி.

படிக்கட்டு கற்பிக்கும் பாடம்

தொற்றிலிருந்து மீண்ட ஒருவர் தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் ஏறுகிறார். முன்பு எளிதாக ஏறியவர், இப்போது பாதி வழியில் கைப்பிடியைப் பற்றி நிற்கிறார், நெஞ்சு படபடக்கிறது. 'வயதாகிவிட்டது' என்றோ 'சோம்பல்' என்றோ அதனை ஒதுக்கிவிடலாகாது. நெஞ்சுவலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம், முகமோ கையோ ஒருபுறம் தளர்தல் ஆகியவை உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனடி மருந்து அளிக்க, 2023இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின் வழியே ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகள் இருப்பு வைக்கப்பட்டுள்ளன.

குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், புகையை விலக்கல், நோய்க்குப் பின் சிறிது சிறிதாக உடற்பயிற்சிக்குத் திரும்புதல் ஆகியவை ஒவ்வொருவராலும் இயல்பவை. மூச்சு வாங்குகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அச்சொல்லை நின்று கேட்பதும் நோய்க்கு எதிரான காப்பேயாகும்.