பருந்தின் பேன்

தில்லியில் மொட்டை மாடி வீடுகளில் இருப்பவர்களுக்குப் பருந்து புதிதல்ல. ஊரில் கள்ளப்பருந்து என்போம், இங்கே 'சீல்'. சுதந்திர தினத்தை ஒட்டிப் பட்டம் விடும் நாட்களில், மாஞ்சா நூலில் சிறகு அறுபட்டு இவை மாடியிலும் பால்கனியிலும் வந்து விழும். கிட்டப் போய்ப் பார்த்தால் இறகுகளுக்கிடையே சின்னஞ்சிறு பூச்சிகள் ஓடும். உடனே, "ஐயையோ, குழந்தைகள் தலையில் ஏறிவிடும், வெளியே தள்ளு!" என்ற குரல் எழும். எங்கள் குடியிருப்பிலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அது சிறகுப் பேன். நம் தலைப்பேன் ரத்தம் உறிஞ்சும். இது பெரும்பாலும் இறகையும் தோல் செதிலையும் மென்று தின்னும். ஈறு இறகிலேயே ஒட்டியிருக்கும். பிறப்பு முதல் இறப்பு வரை பறவை உடம்புதான் அதற்கு வீடு. மனிதர் மேல் அது பிழைக்காது.

இறக்கையில்லாத இந்தப் பேன் எப்படிப் பரவுகிறது? பெரும்பாலும் உடலோடு உடல் உரசினால்தான். தாய் குஞ்சுகளை அணைக்கும் கூட்டில் தொடங்குகிறது. இணை சேரும்போதும் தொற்றும். பறவை மேல் வாழும் தட்டையான ஈ ஒன்று உண்டு. சில வகைப் பேன்கள் அதைக் கவ்விக்கொண்டு அடுத்த பறவைக்குச் சவாரி போகின்றன! இரையிலிருந்தும் வரும். காலபகஸ் தீவுப் பருந்துகளின் மேல் புறாவின் பேனும் ஆட்டின் பேனும் கிடைத்திருக்கின்றன. அங்கே ஒரு பெண் பருந்தோடு பல ஆண்கள் சேர்ந்து வாழ்வதுண்டு. கூட்டம் பெரிதானால் ஒரு வகைப் பேனும் பெருகுவதைக் கண்டிருக்கிறார்கள்.

நலமான பருந்து அலகால் கோதிப் பேனைக் கட்டுக்குள் வைக்கும். நொந்த பறவையால் கோத முடியாது, பேன் மொய்த்துவிடும். ஆகவே பேன் மிகுந்திருந்தால் அது அருவருப்புக்குரிய பறவையல்ல, உதவி தேவைப்படும் நோயாளி.

பேனும் தன் பறவையை நம்பியே இருக்கிறது. 1987-இல் கலிபோர்னியாவின் கடைசிக் காட்டுக் காண்டார் கழுகும் காப்பகத்துக்கு வந்தபோது, உலகில் மிஞ்சியவை மொத்தம் 27. பறவைகளைக் காக்கப் பேன் மருந்திட்டார்கள். கழுகினம் பிழைத்தது, அதற்கே உரிய ஒரு பேன் இனம் பிறகு காணப்படவில்லை.

பருந்து விழுந்தால் பூச்சி மருந்து தூவாதீர்கள். நகங்கள் கூர்மையானவை, பழைய துணியால் மூடி, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். 2022-இல் வந்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம், வஜீராபாதில் இரு சகோதரர்கள் இத்தகைய பருந்துகளுக்கு வைத்தியம் பார்ப்பதைக் காட்டியது. அவர்களைப் போன்றவர்கள் கைக்குப் பறவை உயிரோடு போய்ச் சேர்வது, முதலில் பார்க்கும் நம்மிடம்தான் இருக்கிறது.