மலையிலிருந்து கடற்கரைக்கு



கம்பம் பள்ளத்தாக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் பயின்றோருள் பலர், மேகமலையிலும் போடிமெட்டைச் சுற்றியும் உள்ள தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத்தோட்டங்களிலும் உழைப்போரின் பிள்ளைகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மேற்படிப்புக்காக அவர்களிற் சிலர் சென்னைக்குச் செல்வர். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் போடியிலிருந்தே சென்னைக்கு இரயில் உண்டு, ஓரிரவில் போய்விடலாம். ஆனால், ஓரிரவில் நாம் போய்விடலாமே தவிர, நம் உடல் அவ்வளவு விரைவில் அங்கே போய்ச் சேர்வதில்லை. இதனை நான் ஒரு மாணவனின் துன்பத்தினால் அறிந்தேன்.

அவன் மேகமலைப் பிள்ளை. சின்னமனூரில் விடுதியில் தங்கிப் படித்தான்; ஓட்டப் பந்தயத்தில் அவனை வெல்வார் இல்லை. தேர்வு முடிந்தபின் இரண்டு மாதம் மலையில் பெற்றோருடன் இருந்துவிட்டு, நேரே சென்னைக் கல்லூரியில் சேர்ந்தான். சேர்ந்த மூன்றாம் நாள் பிற்பகலில் மைதானத்தில் ஓடியவன் மயங்கி விழுந்தான். நண்பர்கள் நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றதால் பிழைத்தான். விடுமுறையில் வந்தபோது அவன் என்னைக் கேட்டான்: "ஐயா, சின்னமனூர் வெயிலில் நாள்தோறும் ஓடியவன் நான். அங்கே விழாதவன் சென்னையில் ஏன் விழுந்தேன்?"

உயரம் கூடக் கூட வெப்பம் குறையும் என்றும், ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை என்றும் அவனுக்குக் கற்பித்தவன் நானே. ஆனால், அவன் கேட்ட கேள்விக்கு அந்தப் பாடத்தில் விடை இல்லை. விடை இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று காற்றில்; மற்றொன்று அவன் உடலில்.

முதலில் காற்றைப் பார்ப்போம். நம் வீட்டு மண்பானையை எண்ணிப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிகிறது. கசிந்த நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உள்ளே உள்ள நீர் குளிர்கிறது. நம் உடலும் ஒரு மண்பானையே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. வெளிக்காற்று உடலைப் போலவே சூடாக இருக்கும்போது, உடல் வெப்பம் வெளியேற இந்த ஒரு வழிதான் உண்டு.

வியர்ப்பதனால் மட்டும் பயன் இல்லை. வியர்வை ஆவியாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்தில் மழையைப் பெய்துவிட்டு, மலையைக் கடந்து நம் பள்ளத்தாக்கில் விசையுடன் வீசுகிறது. அக்காற்றில் பானை நீரும் குளிரும்; வியர்வையும் உடனே உலரும். சென்னையிலோ கடலின் ஈரம் காற்றில் நிறைந்திருக்கிறது. அங்கே பானை நீர் அவ்வளவு குளிர்வதில்லை. வியர்வை உலராமல் வழிந்து சட்டையை நனைக்கிறது. வழிந்த வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குகிறது.

இதனைப் பள்ளியிலேயே சோதித்து அறியலாம். இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றன் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் காற்றுப்படத் தொங்க விடுங்கள். உலர்ந்த குமிழ் 36 பாகை காட்டும்போது ஈரக் குமிழ் 24 பாகை காட்டினால் காற்று வறண்டது. உடலுக்கு ஆறுதல் உண்டு. ஈரக் குமிழ் 29 காட்டினால், வெயில் அதே அளவாயினும் உடல் படும் பாடு மிகுதி.

இனி உடலைப் பார்ப்போம். வெப்பத்தில் நாள்தோறும் சிறிது உழைத்தால், ஒன்று முதல் இரண்டு வாரங்களில் உடல் பழகிக்கொள்ளும். குருதியின் நீர்ப்பகுதி பெருகும். இதயத் துடிப்பு தணியும். வியர்வை விரைவிலேயே தொடங்கி மிகுதியாகச் சுரக்கும். அதில் கரைந்து போகும் உப்பு குறையும். குளிர்ந்த இடத்தில் சில வாரங்கள் தங்கினால் இப்பழக்கம் மறைந்துவிடும். சின்னமனூர் வெயிலில் என் மாணவன் பெற்றிருந்த ஆற்றல், மலையில் இருந்த இரண்டு மாதத்தில் அவனை விட்டு நீங்கிவிட்டது. அதனை அவனும் அறியவில்லை, நானும் அறியவில்லை.

குளிர் மலையிலிருந்து வெப்பக் கடற்கரைக்கு வந்தவர் என் மாணவர் மட்டுமல்லர். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர், இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இலட்சக்கணக்கான தமிழர் தாயகம் திரும்பினர். 1,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நுவரெலியாப் பகுதியில் பிறந்து வளர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமின் கடற்கரை மணலில் அவர்கள் தங்கினர். அவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. அவ்வாறு மலைக்கு மீண்டோர் ஒரு பகுதியினர். ஏனையோர் சமவெளி வெயிலிலேயே புதுவாழ்வு தொடங்கினர். வேலையும் வீடும் தேடிய அத்துன்பங்களுக்கிடையே, உடலைப் பழக்குவதற்கு அவர்களுக்கு அவகாசம் ஏது?

உங்களுக்கு அந்த அவகாசம் உண்டு. ஆகவே கல்லூரி திறப்பதற்குப் பத்து நாள் முன்பே கீழே இறங்கிவிடுங்கள். முதல் வாரம் காலையிலும் மாலையிலும் சிறிதே உழைத்து, நாளுக்கு நாள் கூட்டுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் பருகுங்கள். உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் நல்லவை. மெல்லிய பருத்தி ஆடை அணியுங்கள். நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால், பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். அப்போது அத்திசைச் சன்னலைத் திறந்து வையுங்கள். மேற்குக் காற்று வலுத்த நாட்களில் அது பிந்தி வரும். அந்நாட்களில் வெளியில் அலையாதீர்கள். நீண்ட விடுமுறைக்கு மலைக்குப் போய்த் திரும்பினால், மீண்டும் முதலிலிருந்தே பழகுங்கள்.

தலைவலியும் வாந்தியும் வந்தால் உழைப்பை நிறுத்தி நிழலுக்குச் செல்லுங்கள். நண்பன் உடல் கொதிக்க, பேச்சுத் தடுமாறினால், அது உயிருக்கு ஆபத்து. உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவன் வாயில் மட்டும் நீர் ஊற்றாதீர்கள்.

முடிக்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். ஓடும்போது தண்ணீர் குடிக்கலாகாது என்பது எங்கள் காலத்து மைதானப் பாடம். ஆராயாமல் அதனை அம்மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று பிற்பகல் அவன் தாகத்தை அடக்கிக்கொண்டு ஓடியது என் சொல்லை மதித்தே. இன்று அவன் நலமாக இருக்கிறான்; தானும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியனாகி, பிள்ளைகளை ஓட்டத்தின் நடுவே நிறுத்தித் தண்ணீர் கொடுக்கிறான். என் பிழையைத் திருத்தியவன் அவனே. நீங்களும் உங்கள் ஆசிரியர் சொன்னதைக் கேளுங்கள். கேட்டபின், அது சரிதானா என்றும் கேளுங்கள்.