வீட்டு கம்ப்யூட்டர் அடிக்கடி 'ஆப்' ஆகிறதா? கடைக்கு தூக்கும் முன்பு இதை பாருங்க!

தென்காசி-

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை பகுதிகளில் சாரலும் காற்றும் சேர்ந்து வந்து விடும். உடம்புக்கு சுகம்தான். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது தலைவலி காலம். பாதி வேலையில் பொசுக்கென்று அணைந்து போகும். கல்லூரி மாணவரின் புராஜெக்ட், கடை கணக்கு, வேலைக்கு போடும் விண்ணப்பம் எல்லாம் அதோடு போச்சு.

உடனே 'சிஸ்டமே அவுட்' என்று பயந்து புதுசு வாங்க கிளம்ப வேண்டாம். எப்போது அணைகிறது என்று கவனித்தாலே கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்து விடும். அதன் விவரம் வருமாறு:-

லைட் சிமிட்டுகிறதா?

கம்ப்யூட்டர் அணையும் அதே நேரத்தில் லைட் சிமிட்டினால் கோளாறு லைனில் இருக்கிறது. வீட்டுக்கு 230 வோல்ட் கரண்ட் சீராக வர வேண்டும். காற்றில் மரக்கிளை கம்பியில் உரசினாலோ, இணைப்பு லூசாக இருந்தாலோ கரண்ட் ஒரு கணம் விட்டு விட்டு வரும். பேன் அதை தாங்கி விடும், கம்ப்யூட்டர் தாங்காது. அதற்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, கரண்ட் இல்லாமல் ஒரு நொடியில் சுமார் 60-ல் ஒரு பங்கு நேரம்தான் சமாளிக்கும்.

பக்கத்து வீட்டிலும் இதே கதை என்றால் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-ல் புகார் செய்யலாம். 2021-ம் ஆண்டு தொடங்கிய சேவை இது. கம்பியில் உரசும் கிளையை நாமே வெட்டப் போகக்கூடாது. உயிருக்கே ஆபத்து.

பிளக்கை தொட்டு பாருங்க

லைட் நன்றாக எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அணைகிறது என்றால் அடுத்து பிளக்கை பார்க்க வேண்டும். பிளக் சூடாக இருந்தாலோ, பின் கறுத்து இருந்தாலோ சாக்கெட் லூஸ் என்று அர்த்தம். எலக்ட்ரீசியனை கூப்பிட்டு மாற்றி விடுங்கள். கம்ப்யூட்டரின் பின்னால் சொருகும் பவர் கேபிளும் சில வீடுகளில் தளர்ந்து கிடக்கும். சுவிட்சை ஆப் செய்து விட்டு அழுத்தி சொருகுங்கள்.

யூ.பி.எஸ். இருந்தும் அணைந்தால்...

கரண்ட் போன அந்த நொடியே அணைந்தால் யூ.பி.எஸ். பேட்டரி செத்திருக்கலாம். வீட்டு யூ.பி.எஸ்.களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. 2, 3 வருடத்தில் அதன் சக்தி குறைந்து விடும். எல்லா வேலையையும் சேவ் செய்து விட்டு, யூ.பி.எஸ்.சுக்கு போகும் சுவிட்சை ஆப் செய்து பாருங்கள். அப்போதே அணைந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்த்தால் போதும்.

லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.சில் சேர்க்காதீர்கள். அது ஒரேயடியாக கரண்டை இழுக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதில் 'யூ.பி.எஸ். மோடு' சுவிட்ச் இருந்தால் போட்டு வைக்க வேண்டும்.

அரை மணி நேரம் கழித்து அணைந்தால்...

நன்றாக ஓடி, கேம் அல்லது வீடியோ போடும்போது அணைகிறதா? உடனே ஆன் செய்தால் சீக்கிரமே மறுபடி அணைகிறதா? அப்படியென்றால் சூடுதான் காரணம். பிராசசர் அளவுக்கு மீறி சூடானால் தன்னை காப்பாற்றிக்கொள்ள தானே நின்று விடும். சாரல் காலத்தில் ஈரக்காற்று பட்டு, உள்ளே இருக்கும் பேனில் தூசி அடை போல ஒட்டிக் கொள்ளும். பிளக்கை பிடுங்கி விட்டு, காய்ந்த பிரஷ்சால் தட்டி எடுங்கள். ஈரத்துணி கூடாது. ஜன்னல் ஓரம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

இதை மட்டும் திறக்காதீங்க

மேலே சொன்ன எதுவுமே இல்லை, நினைத்த நேரத்தில் அணைகிறது, அல்லது பேன் ஒரு சுற்று சுற்றி நின்று விடுகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகப்படலாம். அந்த பெட்டியை வீட்டில் கழற்றவே கூடாது. அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கி இருக்கும். பிளக்கை பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். கடையில் வேறு எஸ்.எம்.பி.எஸ். போட்டு ஓட்டிப் பார்க்க சொல்லுங்கள். கருகல் வாடை வந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்தி விட வேண்டும்.

தேதியும் நேரமும் மாறிப் போனால் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். ஓடும் கம்ப்யூட்டர் அணைவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்

அணைந்த நேரம், லைட் சிமிட்டியதா, யூ.பி.எஸ். 'பீப்' போட்டதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நேரம் மறந்து விட்டால் விண்டோசில் 'ஈவென்ட் வியூவர்' பகுதியில் 41 என்ற எண்ணுடன் பதிவாகி இருக்கும். கடைக்கு போகும்போது அந்த நோட்டை காட்டினால் தேவையில்லாத பாகத்தை மாற்றி பணம் கட்டும் நிலை வராது.

ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது யூ.பி.எஸ்.சை நம்பாமல் பிளக், நெட் கேபிள் இரண்டையும் முன்கூட்டியே பிடுங்கி விடுங்கள். கோளாறு சரியாகும் வரை 5 நிமிடத்துக்கு ஒரு முறை 'சேவ்' செய்து, முக்கியமான பைல்களை பென்டிரைவிலும் ஒரு காப்பி போட்டு வையுங்கள். போன எஸ்.எம்.பி.எஸ்.சை காசு கொடுத்து வாங்கி விடலாம், போன பைலை வாங்க முடியாது.