அந்த இரண்டு நாள் பொய்!

"அக்கா... வீட்டுல யாருக்காவது ஜுரம், இருமல், தொண்டை வலி இருக்கா?"

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம். சென்னை பெரம்பூரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே, தினமும் காலை பத்தரை மணிக்கு இந்தக் குரல் கேட்கும். மாநகராட்சியிலிருந்து வீடு வீடாக விசாரிக்க வரும் பெண். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கையில் ஒரு நோட்டு, நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டர், முகத்தில் மாஸ்க். அந்த வெயிலில் மாஸ்க் முழுக்க நனைந்திருக்கும். "கொஞ்சம் தண்ணி குடியேம்மா" என்றால், "வேணாங்க்கா, மாஸ்க்கைக் கழட்டணும்" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

"இல்லைம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம்." இதுதான் என் பதில். பல நாட்கள் அது உண்மை. இரண்டு நாட்கள் மட்டும் பொய். அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான் இன்று உங்களிடம் மனம் விட்டுப் பேசப் போகிறேன்.

அந்த ஜூன் மாதம் சென்னையில் இருந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் பரவி, மார்க்கெட்டையே மூடிக் காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். ஜூனில் சென்னையில் மட்டும் தினமும் ஆயிரம் பேருக்கு மேல் கொரோனா என்று செய்தி வந்தது. 19-ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடப் பகல் இரண்டு மணிக்குமேல் கிடையாது.

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், பத்து வயதுப் பெண், ஐந்து மாதக் கைக்குழந்தை, அறுபத்தெட்டு வயதான என் மாமியார். அத்தைக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. கீழ்ப் போர்ஷனில் நாங்கள். மாடியில் வீட்டுக்காரரும் அவருடைய வயதான தாயாரும். அந்தப் பாட்டியும் எங்கள் அத்தையும் சாயங்காலமானால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினால்தான் இருவருக்கும் பொழுது போகும்.

ஜூன் 22, திங்கட்கிழமை. காலையில் அத்தையின் கையைத் தொட்டால் லேசாகச் சுட்டது.

"ஒண்ணுமில்லம்மா, வெயில் சூடு. மிளகுக் கஷாயம் போட்டுக் குடு, சரியாயிடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பொண்ணு வந்தா சொல்லிடாதே. என்னை ஆம்புலன்ஸுல ஏத்திட்டா நான் திரும்பி வரமாட்டேன்" என்றார்.

என் கணவரும், "வேணாம், சொல்லாதே. வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, தகரம் அடிப்பாங்க. மாடியில என்ன நினைப்பாங்க? கைக்குழந்தைக்குப் பால், மருந்துன்னா யார் வாங்கிட்டு வருவாங்க?" என்றார்.

பத்தரை மணிக்கு அந்தக் குரல் வந்தது. புதிதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருந்தது. "வாசனை, ருசி எல்லாம் தெரியுதாக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்றேன். அத்தை உள்ளே படுத்திருந்தார். அந்தப் பெண் நோட்டில் 'டிக்' போட்டுவிட்டுப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமையும் அதே கேள்வி, அதே பொய்.

புதன்கிழமை மதியம் ரசத்துக்குத் தாளித்தேன். பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாகவே விழுந்துவிட்டது. அந்த வாசனைக்கு என் பெண் கூடத்திலிருந்து தும்மினாள். அத்தை சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர், "ஏம்மா, இன்னிக்கு ரசத்துல பெருங்காயமே போடலையா?" என்றார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. 'வாசனை, ருசி தெரியுதாக்கா?' என்ற குரல் காதில் மறுபடி கேட்டது.

அத்தையை உற்றுப் பார்த்தேன். மூச்சு முட்டுவதாக அவர் சொல்லவில்லை. வலி என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். இந்த நோயில் அதுதான் பெரிய மோசம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போகும். நோயாளிக்கோ ஒன்றும் தெரியாது, "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பார்.

நான் யாரையும் கேட்கவில்லை. தெருமுனையில் மாநகராட்சி ஜுர முகாம் நடந்துகொண்டிருந்தது. அத்தையைக் கைத்தாங்கலாக அங்கே அழைத்துப் போனேன். டாக்டரம்மா விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். 91! 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்றார். அரை மணி நேரத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது.

அத்தை என் கையை விடவே இல்லை. "சொல்லாதேன்னு சொன்னேனே..." என்றார். நான் என்ன பதில் சொல்வேன்? 'முந்தா நாளே சொல்லியிருக்கணும் அத்தை' என்று மனசுக்குள்தான் சொல்ல முடிந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாட்கள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆண்டவன் புண்ணியம். இன்னும் இரண்டு நாள் வெயில் சூடு என்றே சொல்லிக்கொண்டிருந்திருந்தால்...? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதோடு முடியவில்லை. நான்கு நாள் கழித்து மாடிப் பாட்டிக்கும் ஜுரம். திங்கட்கிழமை சாயங்காலம் அவர்கள் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசியதை நான் பார்த்திருந்தேன். எங்களிடமிருந்துதான் தொற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. நல்லவேளை, பாட்டிக்கு லேசாக வந்து போய்விட்டது. மாடியிலிருந்து யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எங்கள் எல்லோருக்கும் பரிசோதனை செய்ததில் எனக்கும் கொரோனா. கணவருக்கும் பெண்ணுக்கும் இல்லை. எனக்கு லேசான தொண்டை வலியோடு சரி. அதனால், குளியலறை ஒட்டியிருந்த அத்தையின் அறையிலேயே இருக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். வாசலில் ஸ்டிக்கர் ஒட்ட அந்தப் பெண்தான் வந்தாள். ஜன்னல் வழியாக அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ரெண்டு நாள் உன்கிட்ட பொய் சொன்னேம்மா."

அவள் கோபிக்கவில்லை. "நிறைய வீட்டுல அப்படித்தாங்க்கா சொல்றாங்க. ஸ்டிக்கரை அப்புறம் கிழிச்சுடலாம். உள்ள இருக்கிற பெரியவங்க நல்லபடியா இருக்கணும் இல்லையா?" என்றாள்.

மற்ற எந்தக் குறிப்பேட்டிலும் இல்லாத பாடம் எனக்கு அந்த ஒரு வரியில் கிடைத்தது. பிறகு அவளும் டாக்டரம்மாவும் சொல்லிக் கொடுத்த மற்றவற்றையும் தருகிறேன். எந்தத் தொற்று ஜுரம் ஊரில் பரவினாலும் உதவக்கூடியவை இவை.

நோயாளியின் அறை: ஜன்னல் திறந்தே இருக்கட்டும். எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருந்தால் இன்னும் நல்லது. 2020-இல் நாம் பால் பாக்கெட்டையும் புளி பாக்கெட்டையும் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தோம். ஆனால் இந்தக் கிருமி அதிகமாகப் பரவுவது அடைத்த அறையின் காற்றில்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே முதலில் காற்றோட்டம், பிறகுதான் மற்றதெல்லாம். காய்கறியை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். சோப்பு போட்டுக் கழுவுவது கூடவே கூடாது.

மாஸ்க்: நோயாளியும் போட வேண்டும், சாப்பாடு கொண்டுபோகிறவரும் போட வேண்டும். மூக்கு மூடியிருக்க வேண்டும். தாடையில் தொங்கும் மாஸ்க்கால் யாருக்கு என்ன பிரயோசனம்? நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

சோப்பு: இருபது விநாடி, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போலவே சோப்பு அந்த உறையையும் கரைத்துவிடும். விலை உயர்ந்த சோப்பு தேவையில்லை.

ஆக்ஸிமீட்டர்: ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பாருங்கள். விரல் ஜில்லென்று இருக்கக் கூடாது. நகப்பூச்சோ அழுத்தமான மருதாணியோ இருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள். எண் ஒரே நிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் எழுதிய அந்த நோட்டு டாக்டருக்குப் பெரிய உதவி.

உடனே ஆஸ்பத்திரி: மூச்சுத் திணறல், நெஞ்சில் தொடர்ந்த வலி அல்லது பாரம், உதடு நீலம் பாய்வது, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் எழுந்திருக்க முடியாத மயக்கம், ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போவது... இதில் ஒன்று இருந்தாலும் கஷாயம் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்த ஜுரம் வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

கஷாயமும் மாத்திரையும்: கபசுரக் குடிநீரும் ஜிங்க், வைட்டமின் மாத்திரைகளும் அப்போது வீடு தேடி வந்தன. நாங்களும் சாப்பிட்டோம். ஆனால் கஷாயம் குடித்தாயிற்று என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து மருந்து வாங்குவது அதைவிட ஆபத்து. 2021-இல் இரண்டாம் அலையின்போது, தேவையில்லாமல் ஸ்டீராய்டு சாப்பிட்டுச் சர்க்கரை ஏறி, கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானவர்கள் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்கள் ஜுர நாட்களிலும், டாக்டரைக் கேட்காமல் வழக்கமான மருந்தை நிறுத்தக் கூடாது. சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இனி, கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை.

எனக்குக் கொரோனா என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "குழந்தைக்குப் பால் குடுக்கலாமா டாக்டர்?" என்பதுதான். சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில், "குடுக்காதே, குழந்தையைப் பிரிச்சு வை" என்று ஒரே பாட்டு. டாக்டரம்மா, "தாராளமா குடுங்க. மாஸ்க் போட்டுக்கோங்க, ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிட்டுத் தூக்குங்க, அவ்வளவுதான்" என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையும் அதுவே. தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புச் சக்திதான் குழந்தைக்குக் கவசம். அந்தப் பதினேழு நாளும் என் பிள்ளை என்னோடுதான் இருந்தான். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

இன்னொன்று, தடுப்பூசி. அவனுடைய பத்தாவது வார ஊசி, மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கோடு சேர்ந்து விட்டுப் போயிற்று. 'அடடா, எல்லாம் வீணாச்சே' என்று தவித்தேன். வீணாகாது! விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து போட வேண்டியதில்லை என்று நர்ஸம்மா சொன்னார். மே மாதம் போட்டுவிட்டோம். எந்தக் காரணத்தால் ஊசி தவறியிருந்தாலும், அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

நான் உள்ளே இருந்த நாட்களில் சமையல் என் கணவர் பொறுப்பு. முதல் நாள் ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை! எனக்கு ருசி தெரிந்தது என்பதற்கு அதுவே சர்டிபிகேட். நன்றாகச் சிரித்தேன். அந்த வீட்டில் பத்து நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. மாடியிலிருந்து தினமும் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அதில் பாலும் காய்கறியும் இருக்கும். 'மாடியில என்ன நினைப்பாங்க?' என்று பயந்தோமே, அவர்கள் நினைத்தது இதைத்தான்.

2021 மார்ச் மாதம், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி என்றதும் அத்தையும் மாடிப் பாட்டியும் ஒன்றாகப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். பால் கொடுக்கும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளலாம் என்று மே மாதம் அறிவித்ததும், நானும் போட்டுக்கொண்டேன். கொரோனா அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்துவிட்டது. கிருமி போய்விடவில்லை. அந்தப் பீதி போயிற்று.

ஆனால் மழைக்காலம் வந்தால் டெங்கு வருகிறது, ஃப்ளூ வருகிறது. யாராவது நோட்டும் கையுமாக வந்து, "வீட்டுல யாருக்காவது ஜுரம் இருக்கா? தண்ணி தேங்கியிருக்கா?" என்று கேட்கத்தான் போகிறார்கள். சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு பெண் வந்து கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"இரும்மா, போயிடாதே! என் பேத்திக்கு நேத்து ராத்திரியிலேர்ந்து உடம்பு சுடுது. எழுதிக்கோ!"

உங்கள் வீட்டு வாசலில் அந்தக் குரல் கேட்டால், நீங்களும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சொல்வீர்கள்தானே?